கீழ்த்தளத்தைக் காலியாக விட்டவர்களுக்கு

அன்புத் தோழிக்கும், உன் வீட்டார் அனைவருக்கும், பொது நடைவழியில் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டு உட்காரச் சொன்ன உன் அக்கம்பக்கத்தாருக்கும்,

வடசென்னை சடையங்குப்பத்திலிருந்து எழுதுகிறேன்.

நன்றி சொல்ல வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போதாதா என்று நீ கேட்பாய். போதாது. நீ ஆக்கிப் போட்டதற்கும் ஊர் சுற்றிக் காட்டியதற்கும் அங்கேயே நன்றி சொல்லிவிட்டேன். இந்த மடல் நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு. அதை யோசித்து வரைந்தவர்களுக்கு, கட்டியவர்களுக்கு, அதன் மூலைமுடுக்கை எல்லாம் எனக்குத் திறந்து காட்டிய உங்களுக்கு. எங்கள் பக்கம் புதிதாக வீடு கட்டப் போகிறவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

நான் மேஸ்திரி மகள் என்பது உனக்குத் தெரியும். ஒரு வீட்டுக்குள் போனால் எல்லாரும் சோபாவையும் டிவியையும் பார்ப்பார்கள். என் கண் தரையின் வாட்டத்துக்குப் போகும். சிங்கப்பூர் தோ பாயோவில் உன் வீட்டுக் குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, அது எந்த மூலைக்கு ஓடுகிறது, எங்கேயாவது தேங்குகிறதா என்று குந்தி உட்கார்ந்து பார்த்தேன். சமையல்கட்டுத் தொட்டிக்கு அடியில் தலையை விட்டுக் குழாய் போகும் வழியைப் பார்த்தேன். வேறு யாராக இருந்தாலும் முகம் சுளித்திருப்பார்கள். உன் மாமியார் ஒன்றும் கேட்காமல் டார்ச் எடுத்து வந்து பிடித்தார். அந்த அம்மாவுக்கு என் முதல் நன்றி.

அந்த வீட்டை நான் ஏன் அப்படிப் பார்த்தேன் என்று உன் வீட்டாருக்குச் சொல்ல வேண்டும். திருவொற்றியூரில் என்னோடு படித்த உனக்கு எங்கள் ஊர் தெரியும், அவர்களுக்குத் தெரியாது.

செய்தியில் சடையங்குப்பம் என்ற பெயர் வருவது மழைக்காலத்தில்தான். புழல் ஏரியில் உபரிநீர் திறக்கும்போது எச்சரிக்கை வாசிப்பார்கள். நாரவாரிக்குப்பம், வடகரை, கிராண்ட்லைன், வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து கடைசியில் சடையங்குப்பம் என்பார்கள். பூண்டியில் மதகைத் தூக்கினால் கொசஸ்தலையாற்றுக் கரை ஊர்களின் பட்டியலிலும் கடைசிப் பக்கத்தில் நாங்கள் இருப்போம். இரண்டு தண்ணீரும் எங்களைத் தொட்டுத்தான் எண்ணூர் முகத்துவாரம் போய்க் கடலில் சேர வேண்டும். கடல் ஏறி நிற்கும் நேரமாக இருந்தால் வெள்ளம் போக இடமில்லாமல் எங்கள் பக்கமே நிற்கும். 2015 டிசம்பரில் அதுதான் நடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு வந்த வெள்ளத்தில் எண்ணெயும் கலந்து கொசஸ்தலையாற்றிலும் முகத்துவாரத்திலும் பரவியது. எர்ணாவூர்ப் பக்கம் எங்கள் சொந்தக்காரர் வீட்டுச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. சுண்ணாம்பு அடித்தார்கள், டிஸ்டெம்பர் அடித்தார்கள், கோடு திரும்பத் திரும்ப மேலே வந்தது. கடைசியில் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசினார் அப்பா.

வெள்ளம் வடிந்த பிறகும் வீட்டுக்குள் அது இருக்கும். ஓதம் ஏறும். அடிச்சுவர் ஈரத்தைக் குடித்துக் குடித்து, உப்புப் பூத்து, விரலால் தடவினால் மாவாக உதிரும். பீரோவின் கால் துருப்பிடிக்கும், கட்டிலின் கால் உப்பிப் பிளக்கும். இதைத் தடுக்க நாங்கள் செய்வதெல்லாம் ஒன்றுதான், பேஸ்மட்டத்தை உயர்த்துவது. ஒருவர் இரண்டடி உயர்த்தினால் அடுத்த வீட்டுக்காரர் மூன்றடி உயர்த்துவார். சாலை போடுகிறவர்கள் பழைய தாரின் மேலேயே புதுத் தாரைப் போட்டுவிட்டுப் போனால் மூன்றடி இரண்டடியாகிவிடும். பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகுதான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு உத்தரவே போட்டார். அதற்கு முன்பே தாழ்ந்துபோன வீடுகள் தாழ்ந்தவைதான். வசதி உள்ளவர்கள் அரியானாவிலிருந்து ஆள் வரவழைத்து, சுவருக்கடியில் வரிசையாக ஜாக்கி கொடுத்து, குடியிருக்கும் வீட்டை அப்படியே தூக்கிக்கொள்கிறார்கள். மற்றவர்கள் வாசற்படியில் அரையடிக்குச் செங்கல் தடுப்பு கட்டி, அதைத் தாண்டித் தாண்டிப் போய் வருகிறோம்.

இப்படி ஒவ்வொரு வீடும் தன் தரையை மட்டும் உயர்த்தினால், வழியில் தண்ணீர் நிற்கும் பள்ளம் அடுத்தவர் வீடாகிறது. இது எங்களுக்கும் தெரியும். வேறு வழி தெரியாமல் செய்கிறோம்.

அந்த வேறு வழியை உன் கட்டடத்தின் கீழே பார்த்தேன். டாக்சியிலிருந்து இறங்கியதும் நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு லிப்ட் பக்கம் நடந்தாய். நான் தூணைத் தொட்டுக்கொண்டு நின்றுவிட்டேன். மேலே அடுக்கடுக்காக வீடுகள். கீழே வீடே இல்லை. கட்டடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தூண்கள், சிமென்ட் தரை, இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போகும் காற்று. சதுரங்கக் கட்டம் பதித்த ஒரு கல்மேசையைச் சுற்றி வயதானவர்கள் நான்கு பேர். இத்தனை பெரிய இடத்தை விற்காமல், வாடகைக்கு விடாமல், யாருக்கும் பட்டா போடாமல் விட்டிருக்கிறார்களே என்று கேட்டேன். "இது எல்லாருக்கும்டி" என்று சொல்லிவிட்டு நீ லிப்ட் பொத்தானை அழுத்தினாய். உனக்குப் பழகிவிட்டது.

உங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், நீங்கள் வீவக என்று சொல்வது, 1960 பிப்ரவரியில் தொடங்கியது. லிம் கிம் சான் அதன் முதல் தலைவர். அடுத்த ஆண்டு மே மாதம் புக்கிட் ஹோ ஸ்வீயில் குடிசைகள் தீப்பிடித்து எரிந்ததில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். எரிந்த இடத்திலேயே வீவக மாடி வீடுகளை எழுப்பியது. முதல் ஐந்தாண்டில் 50,000-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டினார்கள். குடிசையைப் பார்த்தே வளர்ந்தவளுக்கு அந்த வேகத்தின் அருமை தெரியும். ஆனால் என்னை அதைவிட அசத்தியது, அந்த அவசரத்திலும் யாரோ நின்று யோசித்திருக்கிறார்கள் என்பது. தொடக்கத்தில் கீழ்த்தளத்திலும் வீடு வைத்துத்தான் கட்டினார்கள். எழுபதுகளிலிருந்து கீழ்த்தளத்தைத் திறந்து விடுவது வழக்கமாயிற்று. வீவகவின் தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்து பிறகு அதன் தலைமைப் பொறுப்புக்கும் வந்த லியூ தாய் கெர் போன்றவர்கள் வீடு என்பதோடு நிற்காமல் நகரம், அக்கம்பக்கம் என்று சேர்த்தே வரைந்தார்கள். 2025 ஜனவரியில் அவர் காலமானார். நான் நேரில் பார்த்திராத அந்த மனிதருக்கும் இந்த மடலில் ஒரு கும்பிடு உண்டு.

அங்கே இருந்த நாட்களில் ஒரு சனிக்கிழமை அதே கீழ்த்தளத்தில் ஒரு மலாய்க் கல்யாணம் நடந்தது. துணி கட்டி, பூ வைத்து, பெரிய பெரிய அண்டாவில் சமைத்து, போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். எனக்கும் ஒரு தட்டு வந்தது. சில நாள் கழித்து எதிர்க் கட்டடத்தின் கீழே ஒரு சீனப் பெரியவரைக் கிடத்தியிருந்தார்கள். இரவெல்லாம் விளக்கு எரிந்தது. சொந்தக்காரர்கள் வட்டமேசைகளைச் சுற்றி விழித்திருந்தார்கள். நகர மன்றத்தில் அனுமதி வாங்கிக்கொண்டால் போதும் என்றார் உன் வீட்டுக்காரர். எங்கள் ஊரில் ஒரு சாவு விழுந்தால் தெருவை அடைத்துப் பந்தல் போட வேண்டும். மழைக்காலத்தில் விழுந்தால் அதுவும் முடியாது. முழங்கால் தண்ணீரில் பிணத்தை வைத்துக்கொண்டு எந்த வீட்டில் கிடத்துவது என்று தெரியாமல் நின்ற குடும்பத்தை எனக்குத் தெரியும். கூரையும் தரையும் உள்ள, யாருடையதும் அல்லாத ஓர் இடம் வீட்டுக்குக் கீழேயே இருப்பது எவ்வளவு பெரிய மரியாதை என்று அந்த இரவு உன் ஜன்னலில் நின்று யோசித்தேன்.

வீட்டுக்குள் பார்த்தவற்றில் சிலதை மட்டும் சொல்கிறேன். எல்லாம் எழுதினால் புத்தகமாகிவிடும்.

உங்கள் பக்கத்துப் பழைய நீளக் கட்டடங்கள் பெரும்பாலும் வடக்கு தெற்காக முகம் பார்த்து நிற்கின்றன. காலை வெயிலும் மாலை வெயிலும் கட்டடத்தின் குறுகிய பக்கச் சுவரில் விழுகின்றன, வீட்டு ஜன்னலில் விழுவதில்லை. வாசல் பக்கம் பொது நடைவழி. அதன் வழியாக வரும் காற்று கூடத்தைத் தாண்டிச் சமையல்கட்டு வழியாக வெளியேறுகிறது. மத்தியானத்தில் உன் கூடத்தில் மின்விசிறி போடாமலே தூங்கினேன்.

அப்புறம் அந்தத் துணிக்கழி. இதை எங்கள் ஊரில் யாருக்குச் சொன்னாலும் கையால் காட்டத்தான் வேண்டியிருக்கிறது. சமையல்கட்டு ஜன்னலுக்கு வெளியே சுவரில் குட்டைக் குழாய்கள் வரிசையாகப் பதித்திருக்கின்றன. உன் மாமியார் நீள மூங்கில் கழியைக் கூடத்திலிருந்து சமையல்கட்டு வரை நீட்டிப் படுக்க வைத்துக்கொண்டார். சட்டையின் இரண்டு கைகளிலும் கழியைக் கோத்து, பேன்ட்டை ஒரு காலில் கோத்து, ஒவ்வொன்றுக்கும் கிளிப் மாட்டினார். பிறகு கழியை ஜன்னல் வழியாக வெளியே தள்ளி, நுனி கனத்துத் தாழ்வதற்குள் அடிமுனையைக் குழாய்க்குள் ஒரே செருகு. எழுபதைத் தாண்டியவர். அந்த ஒரு செருகில் தோளும் இடுப்பும் சேர்ந்து திரும்பியதைப் பார்க்க வேண்டும். நானும் முயன்றேன், ஈரத் துணியோடு அந்தக் கழியின் கனம் சாதாரணமில்லை. புதுக் கட்டடங்களில் வேறு மாதிரி கம்பி வைக்கிறார்களாம். ஆனால் வீடு வரையும்போதே, துணி எங்கே காயும் என்று ஒருவர் கேட்டு, அதற்கு ஒரு குழாயைச் சுவரில் பதிக்கச் சொல்லியிருக்கிறாரே, அதைத்தான் நான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். எங்கள் ஊரில் வீட்டுப் படம் போடும்போது துணி காயும் இடத்தை யாரும் குறிப்பதில்லை. கட்டி முடித்த பிறகு பெண்கள்தான் ஆணி தேடுகிறோம்.

உன் நாத்தனாரின் பொங்கோல் வீட்டில் ஒரு சின்ன அறை இருந்தது. கனமான கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. ஆபத்துக் காலத்தில் வீட்டார் உள்ளே இருந்துகொள்வதற்காக 1997-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு கட்டிய வீடுகளில் இப்படி ஓர் அறை வைக்கிறார்கள் என்றார். இப்போது அரிசி மூட்டையும் சைக்கிளும் பழைய பெட்டியும் அதில் இருக்கின்றன. அதுவும் நல்லதுதான். எங்களுக்கு அப்படி ஓர் அறை மாடியில் இருந்தால் பட்டாவையும் ரேஷன் அட்டையையும் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலையும் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பரணில் செருகிவிட்டு, கூரை ஒழுகாமல் இருக்க வேண்டுமே என்று கவலைப்பட வேண்டியதில்லை.

பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டியை மறக்க முடியாது. நீ வேலைக்குப் போன பகல்களில் அவரும் நானும் நடைவழியில் உட்கார்ந்திருப்போம். அவருக்குக் கொஞ்சம் தமிழ் வரும், எனக்கு மலாய் வராது. சின்ன வயதில் அவர் இருந்தது கம்பம் என்கிற மலாய்க் கிராமத்தில், தூண் மேல் நிற்கும் மரவீட்டில். தண்ணீர் வந்தால் கோழிகளை மட்டும் படியேற்றி உள்ளே விடுவார்களாம். மற்றபடி தண்ணீர் வீட்டுக்கு அடியில் வந்து அடியில் போகுமாம். இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் பர்மா நகர்ப் பெரியவர்கள் நினைவுக்கு வந்தார்கள். 1962-ல் நே வின் ஆட்சியைப் பிடித்து, கடைகளும் தொழில்களும் அரசுடைமையான பிறகு கப்பலேறி வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் எங்கள் பக்கம் குடியேறியிருக்கிறார்கள். அவர்களும் இதையே சொல்வார்கள். அங்கே வீடு கால் மேல் நிற்கும், அடியில் மாட்டைக் கட்டுவோம், நெசவு போடுவோம், வெயிலுக்குப் படுப்போம் என்பார்கள். கால் மேல் நிற்கும் வீட்டை அறிந்தவர்கள் இங்கே ஆற்றுக்கும் கால்வாய்க்கும் நடுவில் தரையோடு தரையாகக் குடிசை போட வேண்டியதாயிற்று. கையில் காசு இல்லாமல் வந்து இறங்கியவர்களுக்கு மரத்துக்கு எங்கே போவது?

சென்னையிலும் இப்போது தூண் மேல் வீடு கட்டுகிறார்கள். அண்ணா நகர், தி. நகர் பக்கம் போனால் புதுக் கட்டடங்கள் எல்லாம் அப்படித்தான். ஆனால் அந்தக் கீழ்த்தளம் காருக்கு. வெள்ளைக் கோடு போட்டு, வீட்டு எண் எழுதி, ஒருவர் இடத்தில் இன்னொருவர் ஸ்கூட்டர் நிறுத்தினால் சண்டை. வெள்ளத்திலிருந்து வீடு தப்பிக்கிறது, அது பெரிய காரியம். ஆனாலும் சாவுக்கும் கல்யாணத்துக்கும் சதுரங்கத்துக்கும் அங்கே இடமில்லை. இது எனக்கு வருத்தம். தெருவோடு போகிறவர் உட்கார்ந்துவிட்டுப் போகட்டும் என்று வாசலில் திண்ணை வைத்துக் கட்டியவர்கள் நாம்.

உங்கள் ஊரில் எல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. கீழ்த்தளத்தில் பந்து விளையாடக் கூடாது என்று பலகை வைத்திருப்பதைப் பார்த்தேன். பிள்ளைகள் எங்கே விளையாடும்? ஒவ்வொரு கட்டடத்திலும் எந்த இனத்தார் எத்தனை பேர் என்று 1989 முதல் அளவு வைத்திருப்பதால் வீட்டை விற்க நினைத்தபோது பட்ட சிரமத்தை உன் வீட்டுக்காரர் சொன்னார். உங்கள் மக்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் இருப்பது அரசு கட்டிய வீட்டில். அந்த வலு எங்களுக்கு இல்லை. நம்மூரில் 1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கி, குடிசையில் இருந்தவர்களுக்கும் கல்வீடு உண்டு என்று ஆயிற்று. அது சின்ன விஷயம் இல்லை. தண்ணீர் வரும் ஊரில் இனிக் கட்டும் வாரிய வீடாவது கீழ்த்தளத்தைத் திறந்து விட்டு, மேலே தொடங்கட்டும் என்பது இந்த மடலைப் படிக்கும் பொறியாளர்களிடம் என் வேண்டுகோள். லிப்ட் வைத்தால் ஒவ்வொரு மாடியிலும் நிற்கட்டும். உங்கள் பழைய கட்டடங்களில் லிப்ட் சில மாடிகளில் மட்டுமே நின்றதையும், 2001-லிருந்து அவற்றில் பெரும்பாலானவற்றை மாற்றி எல்லா மாடியிலும் நிற்க வைத்ததையும் உன் மாமியார் சொன்னார். கட்டி முடித்த வீட்டையும் திரும்ப வந்து திருத்துகிறார்கள் என்பது எனக்குப் புதுச் செய்தி.

இனி எங்கள் வீட்டு விஷயம். தம்பிக்குத் தனி வீடு கட்ட வேண்டும், தையில் கடக்கால் தோண்ட நாள் பார்த்திருக்கிறோம். நான் திரும்பி வந்ததிலிருந்து அப்பாவோடு இதே பேச்சுதான். கீழே வீடு இல்லாமல் பில்லரை மட்டும் ஏற்றினால் பணம் காற்றில் நிற்கும் என்றார். மூன்று வெள்ளத்துக்குப் பீரோ, பிரிட்ஜ், மெத்தை, பூச்சு என்று போன பணத்தை ஒரு நோட்டில் எழுதிக் காட்டினேன். ஒருநாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு மனைக்குப் போனார். இப்போது அவரே எனக்குப் பாடம் நடத்துகிறார். சேற்று மண், பைல் போட்டால்தான் நிற்கும். கீழே சுவர் இல்லாத கட்டடம் நிலநடுக்கத்தில் காலொடிந்து உட்காரும். 2001-ல் புஜ் நிலநடுக்கத்தின்போது அகமதாபாத்தில் அப்படிப் பல அடுக்குமாடிகள் விழுந்தன. சென்னையும் மூன்றாவது நிலநடுக்க மண்டலத்தில் இருப்பதால் கீழ்த்தளத் தூணுக்குக் கம்பியும் பருமனும் கூட்டித்தான் போட வேண்டும், கையெழுத்துப் போட ஒரு பொறியாளர் வேண்டும் என்கிறார். சரி என்றேன். தம்பி பைக் நிறுத்த ஒரு மூலை கேட்டான், கொடுத்தோம். மற்ற இடம் தெருவுக்கு. அம்மா இப்போதே எதிர்வீட்டு மகளிர் சுய உதவிக் குழுவிடம் கூட்டத்தை அங்கே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

அதனால் உன்னிடம் சில அளவுகள் வேண்டும். டேப்பை எடுத்துக்கொண்டு கீழே இறங்கு. தரையிலிருந்து கூரை வரை எத்தனை அடி, தூணுக்குத் தூண் எத்தனை அடி, நடைவழியின் அகலம் எவ்வளவு, கைப்பிடிச் சுவர் எந்த உயரம் என்று குறித்து அனுப்பு. தண்ணீர் வடிய ஓரத்தில் விட்டிருக்கும் கால்வாயைப் படம் எடு, மேலே மூடியிருக்கும் கம்பித் தட்டு தெரியும்படி எடு. கழி செருகும் குழாயை மட்டும் நீ அளக்காதே. உன் மாமியாரை அளக்கச் சொல். உள்விட்டம் எவ்வளவு, சுவருக்குள் எவ்வளவு ஆழம் போகிறது, எவ்வளவு சாய்வாகப் பதித்தால் கழி நழுவாது என்று அவருக்குத்தான் தெரியும். அப்பா பில்லர் கம்பி கட்டும் முன்னே கிடைத்தால் நல்லது.

அன்புடன்,
உன் சடையங்குப்பத்துத் தோழி